அடிப்பது, கயிறு கட்டுவது, நடிக்க அனுப்புவது: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனை ஆசிரியர் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்திருக்கிறார். கேட்டால், "கண்டிப்பு வேண்டாமா?" என்கிறார் தலைமை ஆசிரியர். (மதுரையிலிருந்து ஒரு தாய்)

அம்மா, அடிப்பது கண்டிப்பில் சேராது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அடிக்கலாம் என்றும் யாரும் சொல்ல முடியாது.

புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விரல் வீங்கியிருந்தால் இன்றே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிவிடுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பேசுங்கள்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வரும் அப்பாக்களை இன்னும் பார்க்கிறேன். ஒருமுறை ஒரு சிறுவன் என்னோடு பேசிய நேரம் முழுவதும் வலது கையை டிராயர் பையிலேயே வைத்திருந்தான். பெயரை எழுதச் சொன்னபோதுதான் வெளியே எடுத்தான். முட்டியை மடக்க முடியாமல், இரண்டு விரல் நுனியால் பேனாவைப் பிடித்தான். அதைப் பார்த்த பிறகு அந்த வாசகத்தை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

கேள்வி: கையில் கயிறு கட்டி வரக் கூடாது என்கிறது என் மகள் படிக்கும் பள்ளி. கோயில் கயிறுகூடவா? (நெல்லை வாசகர்)

2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனால் கயிற்றின் நிறத்தை வைத்தே சாதியைச் சொல்லிவிடும் ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். பாட்டி கட்டிவிட்ட கயிறு பள்ளி நேரத்தில் வீட்டிலேயே இருக்கட்டும். அப்புறம், பள்ளியின் பெயரிலும் வருகைப் பதிவேட்டிலும் சாதி தெரியக் கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பள்ளியில் அதையும் கேளுங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகளை சீரியலில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா? (சென்னை)

அனுப்பலாம், ஆனால் விதிகள் உண்டு. நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்க முடியாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் 20 சதவீதமாவது மகள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போக வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். குழந்தை ஒருநாள் "எனக்கு வேண்டாம்" என்றால் அன்றோடு சரி. விருப்பமில்லாத பிள்ளையை நடிக்க வைக்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது.

கேள்வி: பள்ளி வாசலை ஒட்டிய பெட்டிக்கடையில் சிகரெட் விற்கிறார்கள்.

கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமிக்கு நியாயம் கேட்டு, அவள் படத்தை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். நானும் பகிரலாமா?

பகிராதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி படம், பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி எதுவும் ஊடகத்தில் வெளியாகக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு செய்தித்தாளோடு நிற்காமல் மற்றத் தகவல் தொடர்பு வழிகளையும் சேர்த்தே சொல்கிறது. நல்ல எண்ணத்தில் போட்டாலும், அந்தப் பிள்ளை நாளைக்கு அதே தெருவில்தான் கடைக்குப் போக வேண்டும். குழுவை நடத்துபவரிடம் இப்போதே பேசி நீக்கச் சொல்லுங்கள்.