அமெரிக்கா கம்பஸ்ல ஆர்.ஏ. ட்ரெயினிங் எண்டா என்ன எதிர்பார்ப்பாங்க?

கல்லடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, தம்பிக்கு அமெரிக்காவுல ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டன்ட், கம்பஸ் ஹொஸ்டல்ல புள்ளைகளப் பாத்துக்கிற மாணவர்) வேலை கிடைச்சிருக்காம், ஆகஸ்ட்ல ட்ரெயினிங்காம், அதுல என்ன எதிர்பார்ப்பாங்க எண்டு. நான் வந்தாறுமூலைல டிகிரி முடிச்சிட்டு அங்க மாஸ்டர்ஸ் செய்யக்குள்ள ரெண்டு வருசம் ஆர்.ஏ.யா இருந்தனான்.

நம்மட ஹொஸ்டல் சப் வோர்டன் மாதிரி நினைக்க வேணாம், இது மாணவனே மத்த புள்ளைகளோட ஒரே மாடில இருந்து அவங்களப் பாத்துக்கிற வேலை, கனக்க இடத்துல ரூம் ஃப்ரீ, சில இடத்துல சாப்பாடும். எஃப்-1 எண்ட மாணவர் விசா எண்டா செமஸ்டர் நேரம் கம்பஸ்ல கிழமைக்கு 20 மணித்தியாலம் மட்டும் வேலை செய்யலாம், அந்தக் கணக்குக்குள்ள இதுவும் வரும், அதைக் கேட்டு வைக்கச் சொல்லுங்க.

ட்ரெயினிங் கம்பஸ் தொடங்க ஒண்டு ரெண்டு கிழமைக்கு முன்னமே வரும். கட்டாயம் நிக்கணும், அதால திகதி பாத்துத்தான் டிக்கெட் போடணும். திறப்பு, ட்யூட்டி லிஸ்ட், தீயணைக்கிறது, கதவுல ஒட்ட பேர் வெட்டுறது (நான் 38 பேருக்கு விடிய விடிய வெட்டினன், சும்மா சொல்லல) இதெல்லாம் பழகிரும்.

கஷ்டம் வேற. பிஹைண்ட் குளோஸ்ட் டோர்ஸ் (மூடின கதவுக்குப் பின்னால) எண்டு ஒரு நாள் நடக்கும், பழைய ஆர்.ஏ. மார் ரூமுக்குள்ள நடிப்பாங்க, நாம கதவைத் தட்டிப் போய் சமாளிக்கணும். எனக்கு வந்தது அழுதுகிட்டு இருக்கிற புள்ள, "ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டீங்கதானே" எண்டா. நான் உடனே "சத்தியமா சொல்ல மாட்டன்டா" எண்டுட்டன், நம்ம ஊர்ல வேறென்ன சொல்லுவம்? அங்கயே நிப்பாட்டிட்டாங்க. ஏனெண்டா 1972ல வந்த டைட்டில் நைன் (படிப்பு இடங்கள்ல ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம்), 1990ல வந்த கிளெரி ஆக்ட் (கம்பஸ்ல நடக்கிற குற்றங்களை வெளியிடச் சொல்ற சட்டம்) இதுகளால பாலியல் தொல்லை மாதிரி விசயம் காதுல விழுந்தா பெரும்பாலான இடத்துல ஆர்.ஏ. அதை மேலிடத்துக்குச் சொல்லியே ஆகணும். அந்தப் புள்ள வாய் திறக்க முதலே "சில விசயத்த நான் மேல சொல்ல வேண்டி வரும், ரகசியமா பேச கவுன்சிலர் இருக்காங்க" எண்டு சொல்லணும், அதைத்தான் எதிர்பார்க்கிறாங்க. தற்கொலை பத்தி பேசினா நேரடியாவே கேக்கணும், தனியா விட்டுட்டு போகக் கூடாது, அங்க இதுக்கு உதவி கேட்டுக் கூப்பிட 988 எண்டு ஒரு நம்பர் இருக்கு.

எனக்கு இது வாய்ல வர ஒரு மாசம் போச்சு, கல்லு நெஞ்சுக்காரி மாதிரி ஒரு உணர்வு. பிறகு ஒரு ராத்திரி உண்மையாவே ஒரு புள்ள வந்து நிண்டா, முதலே சொல்லிட்டன், அவ கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு இருந்து பேசினா.

ரிப்போர்ட் எழுதக்குள்ள கண்டது கேட்டது மட்டும், "குடிச்சிருந்தான்" எண்டு எழுதாம "வாய்ல சாராய மணம், நடை தள்ளாடிச்சு" எண்டு எழுதணும்.

மத்தது தங்கச்சி, தம்பிக்கு நெத்தலிக் கருவாடு குடுத்து அனுப்பாதீங்க. நான் பொரிச்ச புகைல அலாம் அடிச்சு முழு பில்டிங்கும் புல்லுத்தரைல நிண்டது, பேர் கூப்பிட்டு எண்ணினதும் நான்தான்.