வீட்டுக்குள் காற்றின் தரம் என்றால் என்ன? அதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு?

பெயர்தான் பெரிது. வீட்டுக்குள் நாம் இழுக்கும் மூச்சில் புகை, தூசி, பூஞ்சை, கிருமி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் விஷயம். அடைத்த அறையில் ஒருவர் இருமினால் மிக நுண்ணிய துளிகள் மணிக்கணக்கில்கூட மிதக்கும். வெளியேற வழியில்லாததால் சேர்ந்துகொண்டே போகும், குட்டையில் தேங்கிய தண்ணீர் கெடுவதைப் போல. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் குட்டை ஓடையாகிவிடும் (வெளியே புகைமூட்டம் என்றால் வேண்டாம்).

சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். தலைமுடியின் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்கே இருக்கும் 2.5 மைக்ரான் துகள்கள் அடுப்பிலிருந்தும் வருகின்றன. நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. அப்புறம் ஈரப்பதம்: 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை அடங்கும்.

ரூம் ஸ்ப்ரே அடித்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாற்றத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். கூடவே சில வேதிப்பொருட்களையும் காற்றில் சேர்த்துவிடுகிறது.