நொச்சி எண்ணெய் வாங்கியவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: வடசேரியில் 'வடித்த நொச்சி எண்ணெய்' என்று 100 மில்லி 480 ரூபாய்க்கு வாங்கினேன். தாளில் விட்ட துளியின் கறை இரண்டு நாளாகியும் மாறவில்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, குலசேகரம்)

ப: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், வெட்கம் உங்களுக்குரியதன்று. இலையை ஆவியில் வடித்தால் கிடைப்பது எண்ணெய். அது பெரும்பாலும் காற்றில் பறந்துவிடும். இலைச்சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சினால் தைலம். அதன் கறை தங்கும். தைலம் நல்ல பொருள்தான், ஆனால் வடித்த எண்ணெயின் விலைக்கு விற்கத்தக்கதன்று.

எனக்கு இதில் பழைய கோபம் உண்டு. முழங்கால் வலிக்கென்று பேருந்து நிலையத்தில் ஒரு புட்டியை வாங்கி, ஒரு மாதம் தேய்த்த பிறகுதான், அதில் உரிம எண்ணோ தொகுதி எண்ணோ தயாரித்த நாளோ காலாவதி நாளோ இல்லை என்பதைக் கவனித்தேன். சித்த, ஆயுர்வேத மருந்தின் உறையில் இவையும் உட்பொருள்களும் இருந்தாக வேண்டும். 'நூறு சதவீதம் இயற்கை' என்ற வாசகம் இவற்றுக்கு ஈடாகாது.

ரசீதும் புட்டியும் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். தீராவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை.

கே: நொச்சி இலை மூட்டுவலிக்கு உண்மையிலேயே உதவுமா? (தக்கலை)

ப: இலையிலுள்ள காஸ்டிசின் போன்ற சேர்மங்கள் ஆய்வகத்தில் ஆராயப்பட்டுள்ளன, இலைச்சாறு எலிகளின் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாகவும் ஆய்வுகள் உண்டு. எலிக்கு உதவியது மனிதருக்கும் அதே அளவில் உதவும் என்று கொள்வதற்கில்லை. தைலத்தை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பில்லையென்றால் வெளிப்பூச்சாகப் பயன்படுத்துங்கள். புண்ணில் பூச வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

கே: மூன்று வயதுக் குழந்தைக்குச் சளி. நொச்சி ஆவியோடு, யூகலிப்டஸ் தைலம் இரண்டு துளி சர்க்கரையில் கொடுக்கலாமா? (மார்த்தாண்டம்)

ப: கூடவே கூடாது. அந்தத் தைலத்தில் மிகுதியாக இருப்பது சினியோல் என்ற வேதிப்பொருள். சிறு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பும் மயக்கமும் வரலாம். புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டா இதை எழுதினீர்கள்? கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகிலும் குழந்தையை உட்கார வைக்காதீர்கள், வெந்துபோகும்.

கே: நொச்சி மாத்திரை சர்க்கரை நோயை அடியோடு குணப்படுத்தும் என்ற விளம்பரத்தை நம்பலாமா? (கொட்டாரம்)

ப: நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதையே, மருந்து விளம்பரங்கள் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.