சசான்குவா கமேலியா: மொட்டை வெட்டிவிட்டுப் பூவைத் தேடலாமா?

கேள்வி: ஜார்ஜியா மாநிலம் ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். வீட்டு முகப்பில் மூன்று சசான்குவா கமேலியாச் செடிகள் உள்ளன. முதல் இரண்டு வருடம் அக்டோபரில் கொத்துக் கொத்தாகப் பூத்தன. இப்போது செடிக்கு நாலைந்து பூதான், அதுவும் உள்கிளைகளில். இலைகளில் மஞ்சள் திட்டு வேறு. முட்டை ஓடும் விறகுச் சாம்பலும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆகஸ்டில் ஆட்களை வைத்து அழகாக வெட்டியும் விடுகிறோம். உரம் போதவில்லையா? பென்சில்வேனியாவில் இருக்கும் தங்கைக்கும் இந்தச் செடி வேண்டுமாம். அங்கே வருமா?

பதில்: உரத்தில் குறை இல்லை அம்மா. அந்த ஆகஸ்ட் வெட்டுதான் காரணம். பூ உள்கிளையில் மட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விடை இருக்கிறது. கத்தரி எட்டாத இடத்தில் மட்டும் மொட்டு தப்பியிருக்கிறது.

சசான்குவா வசந்தத்தில் துளிர்விடும். அந்தத் துளிர் முற்றியதும், கோடையிலேயே, கிளை நுனிகளில் மொட்டு கட்டிவிடும். வரும் ஆகஸ்டில் ஒரு கிளை நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒல்லியாக, கூராக இருப்பது இலை மொட்டு. அதன் பக்கத்தில் உருண்டு பருத்து இருப்பது அக்டோபரில் விரியப்போகும் பூ. மெஷினால் மேலாக வழித்துவிட்டால் முதலில் போவது அதுதான். கவாத்து செய்ய வேண்டுமென்றால் பூ முடிந்த பிறகு, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, புதுத் துளிர் வருமுன் செய்யுங்கள். அதுவும் கைக்கத்தரியால், நீண்டு துருத்தும் கிளைகளை மட்டும். கமேலியாவைப் பெட்டி மாதிரி சதுரமாக வெட்டுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. வேலைக்கு வரும் ஆட்களிடம் இந்த மூன்றையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீரையும் கவனியுங்கள். மண் ஒரு வாரம் காய்ந்து, அடுத்த வாரம் ஊறிக் கிடந்தால், கட்டிய மொட்டும் விரியாமலே உதிரும். மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை வேர் ஆழத்துக்கு இறங்கும்படி விடுங்கள். பைன் சருகை இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடலாம். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம்.

சாம்பலை இன்றோடு நிறுத்துங்கள். ஊரில் வாழைக்கும் கத்தரிக்கும் போட்ட பழக்கம், புரிகிறது. ஆனால் கமேலியா நம் தேயிலையின் பேரினத்தைச் சேர்ந்தது. அதைப் போலவே புளிப்பு மண்தான் கேட்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. சாம்பல் அந்த எண்ணை ஏற்றி, புளிப்பைக் குறைத்துவிடும். முட்டை ஓடும் சுண்ணாம்புதான், மெதுவாகக் கரையும், அவ்வளவே வித்தியாசம். போதாக்குறைக்கு, வீட்டு முகப்பின் சிமெண்ட்டிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். தோட்ட ஆலோசனை தரும், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கவுண்டி விரிவாக்க அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதியுங்கள். முடிவு வரும் வரை எதையும் கொட்டாதீர்கள்.

மஞ்சள் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை; மண்ணின் புளிப்பு சரியானால் அதுவும் சரியாகும். ஒழுங்கில்லாத திட்டுத் திட்டான மஞ்சள் என்றால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பஞ்சு இழையும், படகு வடிவில் சின்னப் பழுப்புச் செதிலும் ஒட்டியிருந்தால் அது தேயிலைச் செதில் பூச்சி. ஹார்ட்டிகல்ச்சரல் ஆயில் என்ற, செடிகளுக்குத் தெளிக்கும் எண்ணெயை லேபிளில் உள்ள அளவில் கலந்து, வசந்தத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். மேலே மட்டும் தெளித்தால் பலன் இல்லை. செத்த செதிலும் இலையில் ஒட்டியே கிடக்கும் என்பதால், மருந்து வேலை செய்ததா என்பதைப் புது இலைகளில்தான் பார்க்க வேண்டும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரகங்கள் பென்சில்வேனியாக் குளிரைத் தாங்குவது சந்தேகம். 1970களின் கடைசியில் அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில், வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவின் கமேலியாக்கள் பெரும்பாலும் கருகிப்போயின. சீனாவில் எண்ணெய்க்காக வளர்க்கும் ஓலிஃபெரா இனம் மட்டும் அசையாமல் நின்றது. அந்த மரப்பூங்காவில் ஆய்வாளராக இருந்த வில்லியம் ஆக்கர்மன் அதைச் சசான்குவா முதலிய இனங்களோடு கலந்து, இலையுதிர் காலத்தில் பூக்கும் குளிர் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். ‘விண்டர்ஸ் ஸ்டார்’, ‘விண்டர்ஸ் சார்ம்’ போன்றவை அந்த வழியில் வந்தவை. தங்கை இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். ஜார்ஜியாவில் இலையுதிர் காலத்தில் நடலாம். பென்சில்வேனியாவில் வசந்தத்தில் நட்டால்தான் குளிருக்குள் வேர் பிடிக்கும். வாடைக்காற்றும், பனி உறைந்த காலையில் நேர் வெயிலும் படாத இடமாகப் பார்க்க வேண்டும். தொட்டியில் இருந்த மண்கட்டியின் மேல்பக்கம் தரையை விட ஓர் அங்குலம் உயர்ந்தே நிற்கட்டும். ஆழமாகப் புதைத்தால் வேர் அழுகும்.