ஜிம்மி ஏன் ரஸ்க்கைக் கீழே போடுகிறான்?

கேள்வி: எங்கள் பாமரேனியன் ஜிம்மிக்கு 11 வயது. ஒரு வருடமாக வாய் நாறுகிறது. இப்போது ரஸ்க் போட்டால் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மென்று, பாதியைக் கீழே போட்டுவிடுகிறான். தயிர் சாதம் மட்டும் ஒழுங்காக இறங்குகிறது. மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த வயதில் தாங்குவானா? நம் பேஸ்ட்டை வைத்து வீட்டிலேயே தேய்க்கலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் பேஸ்ட்டைக் கீழே வையுங்கள். நாம் துப்பிவிடுவோம், ஜிம்மி விழுங்கிவிடுவான். அதிலுள்ள ஃப்ளோரைடு அவன் வயிற்றுக்கு ஆகாது. சில பேஸ்ட்களில் சைலிட்டால் என்ற இனிப்பும் இருக்கும், அது கொஞ்சம் உள்ளே போனாலே நாய்க்கு ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், கல்லீரலும் கெடலாம். அதோடு, வலிக்கிற ஈறில் பிரஷ்ஷை வைத்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டான்.

தயிர் சாதம் இறங்குகிறதே என்று ஆறுதல்படாதீர்கள். பல்வலி என்றால் நாய் பட்டினி கிடக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கிடக்காது, சாப்பிடும் விதத்தை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். மேலுதட்டைத் தூக்கி, கண்ணுக்கு நேர் கீழே இருக்கும் பெரிய பல்லைப் பாருங்கள். எச்சில் வந்து விழும் துளை அதன் பக்கத்தில் இருப்பதால், காறை (பல்லில் கல்லாக இறுகும் அழுக்கு) முதலில் அங்கேதான் கட்டும். ஈறு சிவந்து ரத்தம் கசிந்தால் நோய் உள்ளே இறங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தால் வேரில் சீழ், நாள் கடத்தாதீர்கள். (நம் ஊரில் பாமரேனியன் என்று சொல்வது பெரும்பாலும் ஸ்பிட்ஸ்தான். இரண்டுமே சின்ன தாடை, 42 பல்லும் நெருக்கியடித்து நிற்கும், சீக்கிரம் கெடும்.)

சரி, மயக்க மருந்து. வயது ஒரு நோய் இல்லை. சிறுநீரகம், கல்லீரல், இதயம் எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்து, இதயத்தையும் கேட்டுப் பார்ப்பார்கள். இருமல் இருந்தால், ஓடினால் மூச்சு வாங்கினால், மறக்காமல் சொல்லுங்கள். மயக்கமே இல்லாமல் சுரண்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளியே தெரியும் பல் வெள்ளையாகும், ஆனால் கெட்டுப்போவது ஈறுக்கு அடியில், அங்கே முழித்திருக்கிற நாய் கருவியை விடவே விடாது. ஆடுகிற பல்லை எடுக்க வேண்டும் என்றாலும் பயப்படாதீர்கள். எங்கள் வீட்டுக் கிழவனுக்கு ஏழு பல் எடுத்தோம், வலி போனதும் தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே கூடம் முழுக்கச் சுற்றினான்.

புண் ஆறிய பிறகு, டாக்டர் சரி என்றதும், நாய்க்கென்றே விற்கும் கோழி ருசி பேஸ்ட்டை வாங்குங்கள். முதல் வாரம் விரலில் தடவி நக்க விடுங்கள், அப்புறம் குழந்தைகளின் மென்மையான பிரஷ். வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும், உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஆனால் தினமும். பல்லில் படியும் அழுக்கு இரண்டு மூன்று நாளில் கல்லாகத் தொடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்த்துப் பயனில்லை.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைக்கு 9 வயது. எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்கிறார்களே, போடலாமா? - வாசகர், சிவகாசி

பதில்: காறை கொஞ்சம் உதிரும்தான், கூடவே பல்லும் பிளக்கும். குழம்பில் வெந்த எலும்பு இன்னும் மோசம், சில்லுசில்லாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கடித்து மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுப்பதென்றால் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாத அளவுக்குக் கடினமானதைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, வாயில் மூத்திர வாடை அடித்து, தண்ணீரும் அதிகமாகக் குடித்தால் அது பல் பிரச்சினையாக மட்டும் இருக்காது, சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.