பக்கத்து வீட்டு வெண்டைச் செடியும் நம் வீட்டு விலையும்

அன்புள்ள ஐயா,

குடியிருப்புச் சங்கங்களின் விதிகளைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். டாலஸ் அருகே ஒரு புறநகரில் இருக்கிறோம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் (எச்.ஓ.ஏ.) நிர்வாகக் குழுவில் நானும் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், அவரும் தமிழர்தான், வாசல் புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறார். கொல்லையில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். இரண்டும் விதிமீறல். நோட்டீஸ் அனுப்பினோம், அடுத்தது அபராதம். வீடு வாங்கும்போது எல்லாவற்றுக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்தானே? என் சேமிப்பு முழுவதும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. தெரு அலங்கோலமானால் விலை விழாதா?

ஒரு வாசகர், டெக்சஸ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அதற்காக இன்னொருவருக்கு அபராதம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த நிபந்தனைகளை முதலில் எழுதிவைப்பவர் பெரும்பாலும் மனை போட்டு விற்றவர். பிறகு வாங்கும் ஒவ்வொருவரையும் அவை கட்டும். உங்கள் பக்கம் எச்.ஓ.ஏ. இல்லாத புது வீடு தேடினால் எத்தனை கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

செயின்ட் லூயிஸ் நகரின் லபாடி அவென்யூவில் 1911இல் 39 சொத்து உரிமையாளர்களில் 30 பேர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கறுப்பினத்தவரும் 'மங்கோலிய இனத்தவரும்' (கிழக்காசியர்களை அன்று அப்படிச் சொன்னார்கள்) அங்கே 50 ஆண்டுகளுக்குக் குடியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அந்தத் தெருவில் வீடு வாங்கியது. இப்படி ஒரு பத்திரம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதே ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வேறொரு வீட்டின் உரிமையாளர்களான கிரேமர் தம்பதி வழக்குப் போட்டார்கள். மிசோரி உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இத்தகைய நிபந்தனையை நிறைவேற்றித்தர எந்த நீதிமன்றமும் துணைபோகக் கூடாது என்றது. அந்தக் காலத்தில் கூட்டரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு நிறுவனமே இத்தகைய நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. சொல்லப்பட்ட காரணம், வீட்டு விலை.

உங்களை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை. புல்தரை விதியும் நிறவெறியும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. ஆனால் 'எல்லோரும் ஒப்புக்கொண்டதுதானே', 'விலை விழும்' என்ற இரண்டு வாதங்களும் அன்றைக்கும் சொல்லப்பட்டன. அதனால் அவை மட்டும் போதாது என்கிறேன். அவர் செய்வதால் உங்களுக்கு என்ன கெடுதல் என்று சொல்ல முடிய வேண்டும். தேங்கிய தண்ணீரில் கொசு, இடுப்பளவு களையில் பாம்பு, நடைபாதையை அடைத்துக்கொண்டு வேலி என்றால் தாராளமாக நோட்டீஸ் அனுப்புங்கள், நான் உங்கள் பக்கம். வெண்டைச் செடி என்ன செய்யும்? நடுவில் கருஞ்சிவப்பாக, இளமஞ்சள் பூப் பூக்கும். டெக்சஸ்காரர்கள் மாவில் புரட்டிப் பொரித்துத் தின்கிற காய் அது, அந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பச்சைப் புல்தரைதான் ஜூலை வெயிலில் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது.

உங்கள் மாநிலமே கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2011இல் வாசற்கதவில் மதச் சின்னம் வைப்பதைச் சங்கங்கள் தடுக்க முடியாது என்று சட்டம் வந்தது, 25 சதுர அங்குலத்துக்குள். ஒரு மாவிலைத் தோரணம்கூட அதில் அடங்காது. 2021இல் அந்த அளவையும் நீக்கினார்கள். வறட்சியைத் தாங்கும் செடிகளை அடியோடு தடை செய்யக் கூடாது என்று 2013இல் வந்தது. துணிக்கொடிக்கு ஃப்ளோரிடாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு, 2016 முதல் கலிஃபோர்னியாவில் கொல்லைப்புறக் கொடிக்கும் உண்டு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போல யாரோ பிடிவாதமாக நின்று கேட்டதால்தான் இவையெல்லாம் வந்திருக்கும்.

அபராதத்துக்கு முன் குழுவின் முன்னால் விசாரணை கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதுவரை காத்திருக்காமல் நீங்களே ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பாத்திக்குக் கரை கட்டுங்கள், பனியில் கருகிய செடிகளை உடனே பிடுங்கிவிடுங்கள் என்று கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. பதிலுக்குக் கொல்லைக் கொடியைத் தடைப்பட்டியலிலிருந்து எடுக்கும்படி அடுத்த கூட்டத்தில் நீங்களே முன்மொழியுங்கள். குழு போட்ட விதி என்றால் குழுவே மாற்றிவிடலாம். மூலப் பத்திரத்திலேயே இருந்தால் டெக்சஸில் பொதுவாக 67 சதவீத வாக்கு வேண்டும், வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். குழுவில் இருக்கும் நீங்கள் கேட்டால் கதவைத் திறப்பார்கள்.