கேட்டு வாங்குங்கள்: திரைவாசிப்பான், குரல், ஸ்கிரிப்ட்

கேள்வி: அண்ணனுக்குப் பார்வை போய் ஓராண்டு ஆகிறது. பழையபடி கணக்கு வேலைக்குத் திரும்ப நினைக்கிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளான ஜாஸை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். அதே வகையான என்விடிஏ இலவசம், ஆனால் அது காசில்லாதவர்களுக்கானது என்று ஒருவர் சொல்கிறார். சரிதானா?

சரியில்லை. இரண்டுமே பார்வையற்றவர்கள் தங்கள் தேவைக்காகத் தொடங்கியவை. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-ல் டாஸ் காலத்துக் கணினிகளுக்காக ஜாஸைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-ல் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். திரைவாசிப்பானுக்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமையே அவரைத் தூண்டியது. இன்று எக்செல், வேர்ட், மின்னஞ்சல், இணையம் என்று அன்றாட வேலை எதையும் என்விடிஏவில் செய்யலாம்.

முதலில் அதை நிறுவிக் கொடுங்கள். அண்ணன் விசைப்பலகைக்குப் பழகட்டும். ஜாஸ் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. சில அலுவலகங்களில் தங்களுக்கென்று எழுதிய மென்பொருள் இருக்கும். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஜாஸுக்குச் சொல்லும் சிறு நிரல், அதாவது ஜாஸ் ஸ்கிரிப்ட், ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் பணம் கொடுப்பது நியாயம். அதையும் வாங்கும் முன்பே சோதிக்கலாம். உரிமம் இல்லாமல் நிறுவினால் ஜாஸ் 40 நிமிடம் ஓடும், கணினியை மறுதொடக்கம் செய்தால் இன்னொரு 40 நிமிடம். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த மென்பொருளிலேயே ஓட்டிப் பாருங்கள். அதுவரை பணம் பையிலேயே இருக்கட்டும்.

அப்படியும் வாங்குவதென்றால் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிமம் ஆண்டுக்கா, நிரந்தரமா? எத்தனை கணினிகளில் போடலாம்? அடுத்த பதிப்புக்குத் தனிப் பணமா? நிரந்தர உரிமம் என்றால் வாங்கிய பதிப்புக்குத்தான் நிரந்தரம் என்பது பலருக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

கேள்வி: ஒரு செயலியில் தமிழ்க் குரல் கேட்டேன், மனிதர் பேசுவது போலவே இருந்தது. சந்தா கட்டினேன். ஆனால் என் திரைவாசிப்பானின் குரல் பட்டியலில் அது வரவே இல்லை. விற்றவர்கள் “எங்கள் செயலிக்குள் வேலை செய்கிறதே” என்கிறார்கள். ஏமாற்றப்பட்டேனா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்லாமல் விட்ட விஷயம் இருக்கிறது. நீங்களும் கேட்கவில்லை.

விண்டோஸில் குரல்கள் எல்லாம் ஒரே கூடையில் கிடப்பதில்லை. சாப்பி 5 என்ற பழைய ஏற்பாட்டில் பதிந்த குரலைப் பெரும்பாலான மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: 32 பிட் குரல் 64 பிட் மென்பொருளின் கண்ணில் படாது. ஒன்கோர் என்பது விண்டோஸ் 10-உடன் வந்த வேறு ஏற்பாடு. மைக்ரோசாஃப்டின் ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரல் அந்த வகை. விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் இலவசமாகவே வரும், என்விடிஏவும் அதைப் பேசும். ஆனால் சாப்பி 5-ஐ மட்டும் அறிந்த மென்பொருளில் வராது. நீங்கள் வாங்கியது இணையத்தில் இருக்கும் குரலாகத்தான் இருக்க வேண்டும். உரை அவர்களுடைய சர்வருக்குப் போய், ஒலியாகத் திரும்பி வருகிறது. புத்தகம் கேட்க அது அருமை. வங்கிக் கணக்கைப் படிக்க அதை வைத்துக்கொள்வீர்களா, யோசியுங்கள்.

பட்டியலில் அது வந்திருந்தாலும் நீங்கள் சீக்கிரம் சலித்திருப்பீர்கள் என்பது என் எண்ணம். திரைவாசிப்பான் கதை சொல்வதில்லை. ஒரு விசையை அழுத்தினால் ஒரு சொல், அடுத்த விசைக்கு முந்தைய சொல் பாதியில் அறுந்து அடுத்தது தொடங்க வேண்டும். மனிதக் குரல் போன்றவை தொடங்குவதற்கே ஒரு மூச்சு எடுத்துக்கொள்கின்றன. நாள் முழுக்க அந்தத் தாமதம் சேர்ந்தால் தலை வலிக்கும். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக்கின் குரலைத் தகர டப்பா என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பதிவு செய்த மனிதக் குரலை வெட்டி ஒட்டாமல், ஒலியைக் கணக்கிட்டு உருவாக்குகிறது அது. அதனால்தான் அளவில் சிறியது, உடனே பேசும், எவ்வளவு வேகத்தில் ஓட்டினாலும் சொல் குழையாது. அனுபவசாலிகள் பகலெல்லாம் அதை வைத்து வேலை செய்துவிட்டு, இரவில் நாவலுக்கு இனிய குரலுக்கு மாறுவார்கள். நானும் அந்தக் கட்சி.

இனி எந்தக் குரலுக்கும் பணம் கட்டும் முன், ஒரு நீண்ட பட்டியலைத் திறந்து கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போங்கள். குரல் உங்கள் விரலோடு வருகிறதா, பின்னால் ஓடி வருகிறதா? அடுத்து, தமிழும் ஆங்கிலமும் தேதியும் தொலைபேசி எண்ணும் கலந்த ஒரு செய்தி. ஆங்கிலச் சொல்லை விழுங்கும் குரல்கள் நிறைய. கடைசியாக ‘பறவை’, ‘பரவை’ என்று தட்டச்சு செய்து எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். ர, ற இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் அந்தக் குரலை நம்பிக் கடிதம் எழுத முடியாது. ல, ள, ழவுக்கும் இதே சோதனை.

சந்தா விஷயத்தில், ‘எல்லாத் திரைவாசிப்பான்களிலும் இயங்கும்’ என்று விளம்பரத்தில் எங்காவது இருந்தால் அந்த வரியை நகலெடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் புத்தகம் கேட்கப் பயன்படுத்திவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: என்விடிஏவில் எலோக்வன்ஸ் குரல் வேண்டும் என்றேன். நண்பர் ஒருவர் காசில்லாமல் ஒரு ஆட்-ஆன் (கூடுதல் வசதி சேர்க்கும் கோப்பு) அனுப்பினார். போடலாமா?

வேண்டாம். எலோக்வன்ஸ் உரிமம் உள்ள குரல். ஜாஸுடன் வருகிறது, ஐஓஎஸ் 16-லிருந்து ஐபோனிலும் உண்டு, என்விடிஏவுக்கும் விலைக்குக் கிடைக்கிறது. உங்களுக்கு வந்தது யாரோ பிரித்தெடுத்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். என்விடிஏ ஆட்-ஆன் உங்கள் கணினியில் எதையும் செய்யக்கூடியது, அதற்கு வேலி கிடையாது. என்விடிஏவுக்குள்ளேயே இருக்கும் ஆட்-ஆன் ஸ்டோரிலிருந்து எடுப்பதே நல்லது. அங்கேயும் கடைசியாக எந்தப் பதிப்பில் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு ஆண்டின் முதல் பதிப்பிலும் பழைய ஆட்-ஆன்கள் படுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

கேள்வி: அலுவலக மென்பொருளில் தினமும் ஒரே படிவத்தை நிரப்புகிறேன். ஒரு பட்டனைத் திரைவாசிப்பான் படிப்பதே இல்லை. என்னைப் போலவே பார்வையற்ற ஒருவர் விசை அழுத்தங்களைத் தானாகச் செய்ய வைக்கும் ஆட்டோஹாட்கீயில் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன் என்கிறார், பணம் கேட்கிறார். ஆட்டோஹாட்கீயே இலவசம்தானே, எதற்குப் பணம்?

பேனா மலிவு என்பதற்காகக் கடிதம் எழுதித் தருபவரிடம் கூலி இல்லை என்று சொல்வீர்களா? இதே வேலையைப் பார்வையுள்ள புரோகிராமர் செய்தால் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உங்கள் படிவத்தில் எந்த இடத்தில் கை நிற்கும் என்று அவருக்குச் சொல்லாமலே தெரியும், அதற்கே தனி மதிப்பு உண்டு. கொடுங்கள். பதிலுக்குக் கேட்க வேண்டியதையும் கேளுங்கள்.

நேரடியாக ஓடும் எக்ஸி கோப்பாக மட்டும் வாங்காதீர்கள், எழுதிய மூல ஸ்கிரிப்டே வேண்டும். அது வெறும் உரைக் கோப்பு, நோட்பேடில் திறந்து வரிவரியாகக் கேட்கலாம், நாளை வேறொருவர் திருத்தலாம். எக்ஸியாக மாற்றியதை ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் அடிக்கடி வைரஸ் என்று பிடித்துக்கொள்ளும். அலுவலகக் கணினி என்றால் அதோடு கதை முடிந்தது. அலுவலகத்தின் அனுமதியும் முதலிலேயே வேண்டும். ஸ்கிரிப்டுக்குள் உங்கள் கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது.

எந்தப் பதிப்புக்கு எழுதுகிறார் என்றும் கேளுங்கள். ஆட்டோஹாட்கீ 2.0 வெளிவந்தது 2022 டிசம்பரில். முதல் பதிப்புக்கு எழுதியவை அதில் அப்படியே ஓடாது. இன்னொன்று, அந்த ஊமைப் பட்டனை எப்படி அழுத்தப் போகிறார்? ‘திரையில் இடமிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி’ என்று மவுஸை நகர்த்திச் சொடுக்கினால், மானிட்டரை மாற்றிய அன்றே தவறான இடத்தில் சொடுக்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. விசைப்பலகை வழியாகவோ பட்டனின் அடையாளத்தைத் தேடியோ அழுத்துவது மேல். வேறு வழியே இல்லையென்றால், சொடுக்கிய பிறகு என்ன நடந்தது என்று ஸ்கிரிப்ட் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சொல்வதிலும் விதம் உண்டு. சாப்பி குரலை ஒரே வரியில் பேச வைத்துவிடலாம், எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஆனால் திரைவாசிப்பானும் அதே நேரத்தில் பேசும், இரண்டு பேர் சண்டை போடுவது போல இருக்கும். வெளி நிரல்கள் தன் வழியாகப் பேசுவதற்கென்றே என்விடிஏ ஒரு டிஎல்எல் கோப்பு தருகிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மென்பொருள் மாறினால் எத்தனை மாதம் வரை இலவசமாகத் திருத்துவார் என்பதையும் பணம் கைமாறும் முன் பேசி முடியுங்கள்.

கேள்வி: தொலைவில் இருக்கும் தோழி என் கணினியைச் சரிசெய்து தருகிறேன் என்கிறாள். அவளுக்கும் பார்வை இல்லை. இதற்கு ரிமோட் மென்பொருள் எதை வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். வழக்கமான ரிமோட் மென்பொருள்கள் முதலில் அனுப்புவது திரையின் படத்தை. உங்கள் தோழிக்கு அதனால் என்ன பயன்? என்விடிஏ 2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் வசதி உள்ளேயே இருக்கிறது, முன்பு அது தனி ஆட்-ஆன். இருவரிடமும் என்விடிஏ இருந்தால் போதும். உங்கள் கணினி பேசுவது அவள் குரலில், அவள் வேகத்தில் அவளுக்குக் கேட்கும். அவள் அழுத்தும் விசை உங்கள் கணினியில் விழும். ஜாஸில் இதற்கு டேண்டம் என்று பெயர்.

இருவரும் ஒரே சாவிச் சொல்லைக் கொடுத்து இணைய வேண்டும். அந்தச் சொல் வீட்டுச் சாவிக்குச் சமம். குழுவில் போடாதீர்கள், வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள், அடுத்த முறைக்கு வேறு சொல். பென் டிரைவில் இருந்து ஓடும் போர்ட்டபிள் நகல் விண்டோஸின் அனுமதி கேட்கும் திரையைப் படிக்காது, அதனால் என்விடிஏவைக் கணினியில் முறையாக நிறுவியிருக்க வேண்டும்.

சிக்கலைக் கண்டுபிடிக்க என்விடிஏ தன் செயல்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பை அவள் கேட்டால், என்விடிஏவின் பொது அமைப்புகளில் லாக் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘உள்ளீடு, வெளியீடு’ என்ற நிலையில் வைத்திருந்தால் நீங்கள் அழுத்திய விசைகள் எல்லாம் அதில் பதிந்திருக்கும், கடவுச்சொல் உட்பட. என்விடிஏவை மறுதொடக்கம் செய்து, எங்கும் உள்நுழையாமல், சிக்கலை மட்டும் ஒருமுறை வரவழைத்து, அந்த லாகை அனுப்புங்கள். அப்புறம் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள்.